காட்சி முடியும் வரை

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அன்றைக்கு மழை பெய்ததா, இல்லை, முதல் ஞாயிற்றுக்கிழமையின் மழையை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்குள்ளும் நான் கொட்டிவிட்டேனா? மேசையைச் சுற்றி இருந்தது நான்கு நாற்காலிகளா, ஐந்தா? கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்கு சொன்னார்கள். கடைசியில் அக்கா சொன்னதையே எடுத்துக்கொண்டேன். சத்தங்களைப் பொறுத்தவரை அவள் கூட்டியோ குறைத்தோ சொல்லக்கூடியவள் அல்ல. அது அவளுடைய தொழில்.

அக்கா என்று அவளைக் கூப்பிட்டவள் உலகத்தில் ஒருத்திதான். அந்த ஒருத்தி இப்போது இல்லை. வேறு யாரும் கூப்பிடாமல் கிடக்கிற அந்தச் சொல்லை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா மருத்துவமனையில் காது சோதிப்பவள். பஞ்சும் பலகையும் வைத்து அடைத்த சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பாள். வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும். பதினெட்டு வருடத்தில் அவள் காதுகளைவிட முகங்களையே அதிகம் படித்திருந்தாள். கேட்காதவனின் முகம் குளம்போல அசையாமல் இருக்கும். கேட்டும் அழுத்தாதவனின் முகத்தில், கண்ணுக்குக் கீழே, ஒரு சிறு சுருக்கம் ஓடி மறையும்.

அந்தச் சுருக்கத்தை அவள் தன் கணவன் முகத்தில் ஒருமுறை பார்த்திருந்தாள். பத்து மாதங்களாக அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இன்றைக்கு அவள் இந்த மாடிப்படி ஏறுவதே அதற்காகத்தான்.

பழைய வீடு. கீழ்த்தளத்தில் எப்போதோ ஓர் அச்சகம் இருந்தது. மூடி வருடக்கணக்கானாலும் மையின் நெடி சுவரை விட்டுப் போகவில்லை. மேலே போக மரப்படிகள் பதினேழு. ஒன்பதாவது படியில் ஒரு திருப்பம், அங்கே ஜன்னல் இல்லை, பகல் இரண்டு மணிக்கும் கைப்பிடியைத் தடவித்தான் ஏறவேண்டும். திருப்பத்துக்கு வந்ததும் அக்கா நின்றாள். மரம் தேய்த்துக் கழுவப்பட்டிருந்தது. தேய்த்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்தது.

"என்ன அண்ணி, மூச்சு வாங்குதா?" பின்னால் வந்த பல் டாக்டர் கேட்டார். கேட்டபின்தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேல் அறையில் எதுவும் மாறவில்லை. தகரக்கூரைக்குக் கீழே நீண்ட மேசை. பச்சைத் துணி விரித்த அதன் தலைமாட்டில், படிக் கதவை ஒட்டி, நடத்துனரின் நாற்காலி.

நடத்துனர் என்பது அவள் கணவனுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர். ஆட்டம் அப்படிப்பட்டது. ஒருவர் கதையை நடத்துவார்; மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுவார்கள். பலகை கிடையாது, காய்கள் கிடையாது. கதவைத் திறக்க முடியுமா, பள்ளத்தைத் தாண்ட முடியுமா என்று சந்தேகம் வருகிற இடத்தில் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். நடத்துனர் மட்டும் தன் முன்னால் ஓர் அட்டையை மடித்து மறைப்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால் உருட்டுவார். அங்கே என்ன விழுந்தது என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

"ரைட், போலாம்!" பல் டாக்டர் வழக்கம்போல விசிலடித்தார். யாரும் சிரிக்கவில்லை.

"டிக்கெட் எடுக்காதவங்க இறங்கிடுங்க," என்று கணக்கு டீச்சர் பதிலுக்குச் சொன்னாள். அது ஒப்புக்குச் சொன்னது.

ஐந்தாவது நாற்காலியும் போடப்பட்டிருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"அவ கதையைத்தானேம்மா முடிக்கிறோம்," என்றார் அவர் மெதுவாக. "அவ இடம் இருக்கட்டும்."

அவருக்கு அவளுடைய இடம் தேவைப்பட்டதோ இல்லையோ, கதையின் முடிவு தேவைப்பட்டது. இப்படிப்பட்ட ஆட்டங்களை எப்படிப் படைப்பது, எப்படி நடத்துவது என்று அவர் எழுதிய புத்தகம் அச்சுக்குப் போகக் காத்திருந்தது. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. 'ஒரு கதையை முடிப்பது எப்படி' என்று தலைப்பு வைத்திருந்தார். முடித்த கதைதான் கையில் இல்லை.

சுவரில் அவருடைய விதிகள் அப்படியே ஒட்டியிருந்தன. எழுத்து மட்டும் அக்காவின் தங்கை சின்னவளுடையது, கொட்டை கொட்டையாக. கைபேசிகள் கதவருகே இருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள். முடியாது என்று சொல்லாதே, ஆமாம் ஆனால் என்று சொல். பயமுறுத்த வேண்டுமா, பேசாதே. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் ஆசையை எழுது, பிறகு அதைத் தடுக்காதே. வெளியிலிருந்து சத்தம் வந்தால் விரட்டாதே, கதைக்குள் எடுத்துக்கொள். எல்லாவற்றுக்கும் கீழே, சிவப்பு மையில்: காட்சி முடியும் வரை யாரும் எழக்கூடாது.

அந்தக் கடைசி விதியால்தான் அது நடந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன். கிணற்று மாளிகை என்று ஒரு கதை, ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. தலைகீழாகக் கட்டப்பட்ட மாளிகை. தரை மட்டத்தில் வாசல், கீழே கீழே மாடிகள். அதைக் கற்பனை செய்தவளே சின்னவள்தான். கதைக்குள் அவள் விளக்குக்காரி. எல்லோருக்கும் முன்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குபவள். அன்றைக்கு அவளுக்குத் தலைவலி. அவளுக்கு எப்போதும் தலைவலிதான், எங்கே போனாலும் தைல வாசனை அவளுக்கு முன்னால் போகும். தைலம் வண்டிப் பெட்டியில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று இறங்கினாள். உருட்டிக்கொண்டிருந்த பச்சைப் பகடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு போனாள்.

அவள் திரும்பும் முன் நடத்துனர் காட்சியைத் தொடங்கிவிட்டார். "வந்து சேந்துக்குவா."

மழை தகரக்கூரையை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. கதைக்குள் அவர்கள் ஒரு கல்பெட்டியின் முன்னால் நின்றார்கள். அப்போது எங்கோ கீழே தடதடவென்று ஏதோ சரிந்தது.

மூவரும் தலையைத் தூக்கினார்கள். நடத்துனர் கையை உயர்த்தினார்.

"கேட்டீங்களா?" என்றார், குரலைத் தாழ்த்தி. "பெட்டியோட கல் மூடி. விழுந்துடுச்சு."

அவர்கள் அலறினார்கள். ஆனந்த அலறல். அக்காவும்தான். அந்தச் சத்தம் அவள் காதிலும் விழுந்தது. ஆனால் கல் மூடியாக விழுந்தது. பின்னாலேயே, "உள்ளே இருந்து யாரோ தட்டுறாங்க. மூணு தடவை," என்றார் அவர். "திரும்பவும் மூணு." அக்காவுக்கு மழை மட்டுமே கேட்டது. என்ன கற்பனை இந்த மனிதருக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

இருபத்தைந்து நிமிடம் கழித்துக் காட்சி முடிந்தது. கழிப்பறைக்குப் போகக் கீழே இறங்கிய கணக்கு டீச்சர், திருப்பத்தில் காலில் ஏதோ இடற, குனிந்து தடவிப் பார்த்தாள்.

"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்," என்றார் ஆஸ்பத்திரி மருத்துவர், சின்னவளைப் பார்த்துவிட்டு.

அன்று இரவு அக்கா ஒரே ஒரு முறை கேட்டாள். "உங்க நாற்காலி கதவுப் பக்கமாச்சே. உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சாங்க?"

"ஒண்ணுமே கேக்கலம்மா. மழை."

கண்ணுக்குக் கீழே அந்தச் சுருக்கம்.

சில கேள்விகளுக்குப் பதில் தெரிந்துவிட்டால் அதற்குப்பின் வீட்டில் இருக்க முடியாது. அவள் கேட்காமல் இருந்தாள். அவரும் சொல்லாமல் இருந்தார். பத்து மாதம் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். கரண்டிகள் மட்டும் பேசிக்கொண்டன.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கைபேசிகள் டப்பாவுக்குள் போயின. நடத்துனர் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு மேசை விளக்கைப் போட்டார். வெளியே வெயில் கொளுத்தியது, அறைக்குள் அந்தி. மழை இல்லை, காற்றில்லை. காதுக்கு இதைவிடச் சுத்தமான ஒரு பிற்பகல் கிடைக்காது என்று அக்கா நினைத்தாள்.

"கல்பெட்டி முன்னாடி நிக்கிறீங்க," என்று அவர் தொடங்கினார். "விளக்குக்காரி கூட இல்லை. விளக்கு மட்டும் தரையில எரியுது. என்ன செய்றீங்க?"

"நான் விளக்கை எடுக்கிறேன்," என்றாள் டீச்சர்.

"நிச்சயமா?"

"நீங்க நிச்சயமான்னு கேட்டாலே பயமா இருக்கு சார்."

"பயப்படத்தானே வந்தீங்க," என்றார் பல் டாக்டர். "எங்கிட்ட வர்றவங்க வாயைத் திறக்கும்போதே இப்படித்தான் முழிப்பாங்க. எடு டீச்சர், எடு."

அப்போதுதான் அது கேட்டது.

டக்.

கீழே, முதல் படியில்.

டக். ஒரு இடைவெளி. ட-டக்.

அக்காவின் விரல்கள் மேசைத் துணியைப் பற்றின. சின்னவளின் பச்சைப் பகடைக்கு ஒரு முனை உடைந்திருக்கும், உருளும்போது நொண்டும். ஆயிரம் பகடைகளை உருட்டினாலும் அதை அவளால் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியும். அந்தப் பகடை அன்றைக்குக் கிடைக்கவே இல்லை. கையில் இல்லை, படியில் இல்லை, எங்கேயும் இல்லை.

உருளும் பொருள் மேலிருந்து கீழே போகும். இது கீழிருந்து மேலே வந்துகொண்டிருந்தது.

மூன்று. நான்கு. ஐந்து.

"அது என்ன சத்தம்?" டீச்சர் கிசுகிசுத்தாள்.

நடத்துனரின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. ஆனாலும் இருபது வருடப் பழக்கம் அவரை விடவில்லை. உதட்டை நனைத்துக்கொண்டு சிரித்தார்.

"கீழ ஒரு ஸ்பீக்கர் வச்சிருக்கேன். புத்தகத்துக்காக ஒரு சோதனை. நல்லா இருக்கா?"

"அந்தப் படியிலயா?" டீச்சரின் குரல் உடைந்தது. "அந்தப் படியில போய் சத்தம் வைக்க உங்களுக்கு எப்படி சார் மனசு வந்துச்சு?"

"விடு டீச்சர், அண்ணி இருக்காங்க," என்று பல் டாக்டர் அடக்கினார். ஆனால் அவரும் நடத்துனரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஸ்பீக்கரிலிருந்து வரும் எந்தச் சத்தத்துக்கும் அடியில் மெல்லிய இரைச்சல் ஒன்று படிந்திருக்கும். இதன் அடியில் எதுவும் இல்லை. மரம் மட்டும்தான்.

ஏழு. எட்டு. ஒன்பது.

நின்றது.

திருப்பத்தில்.

பிறகு, மூன்று தட்டல்கள். அவசரமில்லாமல், மரத்தின்மேல். சற்று விட்டு, மறுபடி மூன்று.

தைல வாசனை கதவின் அடியிடுக்கு வழியாக அறைக்குள் வந்தது.

அக்கா சத்தத்தைக் கவனிக்கவில்லை. முகத்தைக் கவனித்தாள். முதல் தட்டல் விழும் முன்பே அவர் கண்களுக்குக் கீழே சுருக்கம் ஓடியது. அடுத்தது எத்தனை தட்டல் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஏற்கெனவே கேட்டவனுக்குத்தான் அது தெரியும்.

"அத்தான்..."

டீச்சரும் பல் டாக்டரும் பகடையைப் பற்றி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது கேட்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, மூச்சை விடவும் மெலிதாக வந்தது.

"அத்தான்... காட்சி முடிஞ்சுதா?"

நடத்துனர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் முட்டியது.

"நடத்துனரே! உங்க சட்டம்," என்று பல் டாக்டர் சுவரைக் காட்டினார். "காட்சி முடியல."

"ஸ்பீக்கர்... ஸ்பீக்கர் ஓடிக்கிட்டே இருக்கு. நிறுத்திட்டு வந்துடறேன்." அவர் மனைவியைப் பார்த்தார். பத்து மாதத்தில் முதல்முறையாக நேராகப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம் நீ நடத்தும்மா."

"நிச்சயமா?" என்று அக்கா கேட்டாள்.

அவர் கதவைத் திறந்து, இருட்டைப் பார்த்து ஒரு கணம் நின்று, இறங்கினார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அக்கா தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மறைப்பு அட்டைக்குப் பின்னால் அவள் உட்காருவது அதுவே முதல்முறை. இங்கிருந்து பார்த்தால் மற்றவர்களின் நெற்றிகள் மட்டுமே தெரிந்தன. இத்தனை வருடம் இந்த மனிதர் எங்களை இப்படித்தான் பார்த்திருக்கிறார் என்று நினைத்தாள்.

அட்டைக்குப் பின்னால் அவருடைய புத்தகத்தின் அச்சுப்படி இருந்தது. ஒரு பக்கத்தில் காகிதத் துண்டு செருகியிருந்தார். அவளுக்கு அவர் காட்டாத அத்தியாயம். வெளிச் சத்தத்தைக் கதைக்குள் எடுப்பது பற்றியது.

'ஒருமுறை ஆட்டத்தின் நடுவே மாடிப்படியில் ஏதோ விழுந்தது. இன்னொருவராக இருந்தால் ஆட்டத்தை நிறுத்தியிருப்பார். நான் அதைக் கல்பெட்டியின் மூடியாக்கினேன். சற்று நேரத்தில் மரத்தை யாரோ மூன்று முறை தட்டும் ஒலி எனக்கு மட்டும் கேட்டது. ஒரு முனகலும் கேட்டது. அதையும் விடவில்லை, பெட்டிக்குள் அடைபட்டவளின் தட்டலாக்கினேன். என் ஆட்டக்காரர்கள் அலறிவிட்டார்கள். இருபது வருடத்தில் அதைவிட நல்ல காட்சி எனக்கு அமைந்ததில்லை.'

அவள் இரண்டாவது முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்கத் தேவையில்லாமல் போயிற்று.

அச்சுப்படிக்கு அடியில் விளக்குக்காரியின் தாள் இருந்தது. பாத்திரத்தின் பெயர், பலம், பலவீனம், எல்லாம் சின்னவளின் கொட்டை எழுத்தில். கடைசி வரி: இவளுக்கு என்ன வேண்டும்? அதற்கு நேராகச் சின்னவள் முதலில் எழுதியிருந்தது அக்காவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'எல்லாரையும் வெளிச்சத்துக்குக் கொண்டு வரணும்.'

அது அழிக்கப்பட்டிருந்தது. அழித்த இடம் ஈரமாக இருந்தது. அதன்மேல் பென்சிலில், அதே கொட்டை எழுத்தில்:

'அத்தான் கீழே வரணும்.'

தடதடவென்று படியில் ஏதோ சரிந்தது.

அறை முழுவதும் அதிர்ந்தது. டீச்சர் துள்ளி எழுந்தாள். அவள் முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"அதே சத்தம்! அதையும் வச்சிருக்காரு பாருங்க! ஆளு வரட்டும் மேடம், இன்னைக்கு நான் சும்மா விடமாட்டேன்."

"அண்ணி... ஸ்பீக்கர்தானே?" பல் டாக்டர் கேட்டார்.

அக்கா பேசவில்லை.

பயமுறுத்த வேண்டுமா, பேசாதே. பத்து வரை எண்ணு என்று அவர் புத்தகத்தில் எழுதியிருந்தார். அவள் எண்ணினாள். தங்கைக்கு முதல்முறை தலை பின்னிவிட்டது ஒன்று. அவளுடைய காய்ச்சலுக்கு விழித்திருந்தது இரண்டு. மூன்றாவதற்கு வந்தபோது மருத்துவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் வந்து நின்றது. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா. அதற்குப்பின் எண்ண முடியவில்லை.

கதவுக்குப் பின்னால், மரத்தில், உலோகம் படும் சத்தம். மோதிரம். பதினாறு வருடத்துக்கு முன் அவள் கையால் போட்டுவிட்ட மோதிரம்.

மூன்று முறை.

அந்த நாற்காலியிலிருந்து எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மழை என்ன, இடியே விழுந்திருந்தாலும் கேட்டிருக்கும்.

"உக்காருங்க டீச்சர்," என்றாள் அக்கா.

"மேடம்..."

"காட்சி முடியட்டும்."

டீச்சர் மெதுவாக உட்கார்ந்தாள்.

"கல்பெட்டியோட மூடி விழுந்துடுச்சு," என்றாள் அக்கா. குரல் அவளுடையதுதான், நிதானம் வேறு யாருடையதோ. "உள்ள ஒரு ஆள் இருக்கார். ஒத்தை ஆள். தட்டுறார். மோதிரக் கை. மூணு தடவை."

பல் டாக்டர் மேசைமேல் குனிந்தார். "நான்... நான் பெட்டியைத் திறக்கலாமா அண்ணி?"

"ஆமாம்," என்றாள் அவள். "ஆனா, மெதுவா. முதல்ல உங்களுக்கு என்ன வாசனை வருதுன்னு சொல்லுங்க."

"தைலம்," என்றார் பல் டாக்டர், தானே திடுக்கிட்டு.

"டீச்சர், விளக்கு உங்க கையில. சுவத்துல நீங்க என்ன பாக்கறீங்க?"

அவள் அவசரப்படவில்லை. அவருடைய விதிகள் ஒவ்வொன்றையும் மதித்தாள். கேட்டார்கள், ஆமாம் ஆனால் என்றாள். உருட்டினார்கள், நிச்சயமா என்றாள். ஒவ்வொரு தட்டலையும் கதைக்குள் எடுத்துக்கொண்டாள். தட்டல்களுக்கு இடையே இடைவெளி நீண்டபோது அந்த மௌனத்தையும் எடுத்துக்கொண்டாள். அந்த அறையில் அதுவரை யாரும் அவ்வளவு அழகாகக் கதை நடத்தியதில்லை என்று பல் டாக்டர் பின்னால் சொன்னார். சொல்லும்போது அழுதார்.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, கதவுக்கு அப்பால் அவள் பெயர் கேட்டது. முழுதாகச் சொல்லாமல் பாதியில் நின்ற பெயர்.

அவள் கண்ணுக்குக் கீழே ஒரு சுருக்கம் ஓடியது. எதிரில் டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தட்டல் நின்றுவிட்டது.

யாரும் பகடையைத் தொடவில்லை. விளக்கைச் சுற்றிய பூச்சி ஒன்று கண்ணாடியில் மோதி மோதி ஓய்ந்தது.

டக்.

பத்தாவது படி.

டக். ட-டக்.

பதினொன்று. பன்னிரண்டு. அக்கா வாய்விட்டு எண்ணவில்லை. பதினைந்து. பதினாறு.

பதினேழு.

கதவு ஒரு சாண் திறந்தது. பச்சைப் பகடை உள்ளே உருண்டு வந்தது. நொண்டி நொண்டி வந்து, ஐந்தாவது நாற்காலியின் காலடியில் நின்றது. இருபது.

அந்த நாற்காலி, யாரோ உட்காரும்போது முனகுவதுபோல, மெல்ல முனகியது.

"காட்சி முடிஞ்சுது," என்றாள் அக்கா.

சுவரில் கடிகாரம் இருந்தது. இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. மறுபடியும் டீச்சர்தான் முதலில் இறங்கினாள்.

இனி எல்லோரும் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நடத்துனர் திருப்பத்தில், கழுவி வெளுத்த அதே இடத்தில் உயிரில்லாமல் கிடந்தார். மோதிர விரலின் மூட்டு தோலுரிந்திருந்தது. கீழே ஸ்பீக்கர் எதுவும் இல்லை. ஒரே படியில் இரண்டு விபத்து என்று போலீஸ்காரர்கள் எழுதி வீட்டைப் பூட்டினார்கள். பல் டாக்டர் ஆட்டத்தை விட்டுவிட்டார். நாற்காலியில் நோயாளி வாயைத் திறந்து காத்திருக்கும்போது சில நேரம் கையில் கருவியோடு அப்படியே நின்றுவிடுகிறாராம். கணக்கு டீச்சர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போனாள். போவதற்கு முன் அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "உங்களுக்குக் கேட்டுச்சா மேடம்?" அக்கா "மழை" என்றாள். அன்றைக்கு மழை இல்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும். புத்தகம் கடைசி அத்தியாயம் இல்லாமலே வெளிவந்தது. மூடியும் தட்டலும் வருகிற அந்தப் பக்கத்தை எடுக்கவேண்டுமா என்று பதிப்பகத்தில் கேட்டார்கள். ஒரு எழுத்தும் மாறக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். பச்சைப் பகடையை டீச்சர் பொறுக்கி மேசைமேல் வைத்ததாகச் சொல்கிறாள். அதற்குப்பின் அதை யாரும் பார்க்கவில்லை.

அக்கா அதே மருத்துவமனையில் காது சோதித்துக்கொண்டிருக்கிறாள். போன மாதம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார். இரண்டு காதும் அநேகமாகப் போய்விட்ட மனிதர். அவள் கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிவிட்டாள், கருவியை இன்னும் போடவே இல்லை. அவர் பொத்தானை மூன்று முறை அழுத்தினார். சற்று விட்டு, மறுபடி மூன்று.

பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார்.

"நல்லா கேக்குதும்மா. ஒரு பொண்ணு குரல். காட்சி முடிஞ்சுதா அக்கான்னு கேக்குது. நான் என்னன்னு சொல்லட்டும்?"